வேறு கை

அத்தியாயம் 11

அட்டை அவர் கையில் இருந்தது. ஆள் அலுவலகத்துக்குள் இருக்கிறாள் என்று இயந்திரம் சொன்னது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

வியாழக்கிழமை மாலையிலிருந்து டைம்கீப்பர் இதையே மென்றுகொண்டிருந்தார். பேத்தியின் பென்சில் பெட்டிக்குள் மருமகளின் நுழைவு அட்டை கிடந்ததையும், உடனே அவர் அவளுடைய அலுவலகத்துக்குப் போன் செய்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். வரவேற்பில் இருந்த பெண், "மேடம் காலையில எட்டு ஐம்பத்திரண்டுக்கு உள்ள வந்தாங்க சார். இன்னும் வெளியே போகல" என்றாள். "வெளியே போகலையா? அட்டை என் கையில இருக்கேம்மா!" என்றார் இவர். அந்தப் பெண் ஒரு கணம் திகைத்து, "நீங்க யார் பேசறது?" என்று கேட்டாள். இவர் போனை வைத்துவிட்டார்.

அன்று இரவே அட்டையை மருமகளின் கைப்பையில் பழையபடி செருகிவைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டால் பொய் வரும். பார்த்தால்தான் உண்மை வரும். இது அவருடைய உத்தியோகம் கற்றுக்கொடுத்தது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் இருந்தவர் அவர். இரண்டாயிரம் பேருடைய வருகை அட்டைகள் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஒருவன் அட்டையை இன்னொருவன் இயந்திரத்தில் குத்தினால், அதன் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'வே.கை' என்று எழுதுவார். வேறு கை. கீழே தம் முழுக் கையெழுத்தையும் போடுவார். அப்படி மூன்று பேருக்கு எழுதியிருக்கிறார். மூன்று பேருக்கும் வேலை போனது. அவர்களில் ஒருவன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுதான். விதி என்றால் விதிதான் என்று சொல்லி அனுப்பினார்.

அவர் வீட்டுக்குள்ளேயே இப்போது வேறு கை நுழைந்துவிட்டதோ?

இரண்டு மாதம் முன்பு மருமகளின் நிறுவனம் உத்தரவு போட்டது. நான்கு ஆண்டுகளாகச் சாப்பாட்டு மேசையிலேயே கணினியை வைத்துக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்த்தவள், இனி வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வந்தாக வேண்டும். போகும்போதும் வரும்போதும் வாசலில் அட்டையைக் காட்ட வேண்டும். எட்டரை மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். மூன்று முறை குறை கண்டால் வேலை இல்லை. வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, "வேலைன்னா வேலை செய்யிற இடத்துக்குப் போகத்தானே வேணும்?" என்று சொன்னவர் டைம்கீப்பர் ஒருவர்தான். பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை. வழக்கம்போலக் கூடத்துக் கடிகாரத்தின் முன் நின்று கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் ஓடவிடுவது இந்த வீட்டில் அவர் வைத்த ஏற்பாடு. குடும்பத்தில் யாரும் எதற்கும் பிந்தக் கூடாது. ஆனால் அவரே ஏமாறக் கூடாதல்லவா? அதனால் தினமும் அதில் பத்தைக் கழித்துத் தம் கைக்கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்வார். மகன் வாங்கித்தந்த போனிலும் நேரம் ஓடியது. சாவி கொடுக்காமல் ஓடும் நேரத்தை அவர் நம்புவதில்லை.

வர வர ஊரே அவசரக்குடுக்கை ஆகிவிட்டது என்பது அவர் எண்ணம். பால்காரன் முன்னாலேயே வருகிறான். பஸ் முன்னாலேயே கிளம்புகிறது. பள்ளிக்கூடத்தில்கூட மணியை முன்னாலேயே அடித்துவிட்டுக் குழந்தையை வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். யாருக்கும் ஒரு ஒழுங்கு இல்லை.

"மாமா, மூணு பத்துக்கு விட்டுடுவாங்க" என்றாள் மருமகள், டிபன் பெட்டியை மூடிக்கொண்டே.

"தெரியும்."

"மழை வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் முன்னாடியே கிளம்பிடுங்களேன்."

"முன்னாடி போறதும் தப்பு, பின்னாடி போறதும் தப்பு. ரெண்டாயிரம் பேரோட நேரத்தைக் காத்தவனுக்குப் பள்ளிக்கூட மணி சொல்லித் தர்றியாம்மா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல மாமா."

அவள் பார்வை கூடத்துக் கடிகாரத்துக்குப் போய், அங்கிருந்து அவர் முகத்துக்கு வந்து, சட்டென்று டிபன் பெட்டிக்குத் திரும்பியது. டைம்கீப்பர் அதைக் குறித்துக்கொண்டார். நேராகப் பார்க்க முடியாதவர்கள்தான் இப்படிப் பார்ப்பார்கள்.

"தாத்தா, நீ லேட்டா வந்தாலும் பரவால்ல" என்றாள் பேத்தி. வாய் நிறையச் சோறு. "நான் அழ மாட்டேன். அங்கதான்..."

"வாலு! பேசாம சாப்பிடு." மருமகளின் கை குழந்தையின் வாயை மூடியே விட்டது.

அங்கேதான் என்ன? குழந்தைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியக் கூடாதா?

மகனிடம் ஞாயிற்றுக்கிழமையே சாடையாகக் கேட்டுப் பார்த்திருந்தார். அவன் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் சோதிப்பவன். விடிவதற்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். "உன் பெண்டாட்டி ஆபீஸ்ல ஒழுங்கா இருக்காளாடா?" என்றதற்கு, "அப்பா, அவ விஷயத்தை அவகிட்டயே கேளுங்க" என்று நழுவினான். சொல்லிவிட்டு, "உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கில்ல? ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வருவோமா?" என்று வேறு கேட்டான். பேச்சை எங்கே தொடங்கி எங்கே திருப்புகிறான் பாருங்கள்!

டைம்கீப்பர் குடையை எடுத்துக்கொண்டு மதியமே புறப்பட்டார்.

மருமகளின் அலுவலகத்துக்கு எதிரே பஸ் நிறுத்தம். பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவு வழியே உள்ளே இடுப்பு உயர இரும்புத் தடுப்புகள் தெரிந்தன. அட்டையைத் தொட்டால் தடுப்பு விலகும். ஒரு தொடலுக்கு ஓர் ஆள். நல்ல ஏற்பாடு என்று நினைத்தார். நம் காலத்தில் இது இருந்திருந்தால் சிவப்புப் பென்சிலே தேவைப்பட்டிருக்காது.

அவர் கைக்கடிகாரத்தில் இரண்டு இருபத்தைந்து.

தடித்த கண்ணாடி போட்ட ஒருத்தி தடுப்பருகே வந்தாள். அட்டையைத் தொட்டாள். தடுப்பு விலகியது. அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னொருத்தியும் வெளியே வந்தாள்.

மருமகள்.

ஒரு தொடலில் இரண்டு பேர். கண்ணாடிக்காரி வெளியே வந்து, தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பவும் உள்ளே போய்விட்டாள். மருமகள் சாலையை இரண்டு எட்டில் தாண்டி, நகரத் தொடங்கிவிட்ட பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். பத்திரிகைக்குப் பின்னால் அவர் காது மடல் சுட்டது. இயந்திரக் கணக்கில் அவள் நாற்காலியில் இருக்கிறாள். வேறு கை! தம் வீட்டுப் பெண்!

எங்கே போகிறாள்? யாரைப் பார்க்க? மனத்தில் எழுந்ததை அவர் வார்த்தையாக்கவில்லை. வார்த்தையாக்கினால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வாடகைக் கார் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார்.

"எங்க பெரியவரே?"

"அந்தப் பஸ் பின்னாலேயே விடாமப் போப்பா."

ஓட்டுநர் கண்ணாடியில் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "எதாவது வம்பு தும்புன்னா நான் வரல. எனக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு."

"எனக்கும் இருக்கு. ஓட்டு."

"பஸ்ஸுல யாரு, அம்மாவா?" என்று சிரித்தான். "இந்த வயசுலயுமா சந்தேகம்?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டுப்பா!"

பஸ் திரும்பிய திருப்பங்கள் எல்லாம் அவருக்குப் பழகியவை. பூங்கா போனது. மருந்துக் கடை போனது. பேத்தியின் பள்ளி இருக்கும் தெருமுனையில் மருமகள் இறங்கினாள். இறங்கியவள் பள்ளிக்குப் போகவில்லை. எதிர் வரிசையிலிருந்த ஜெராக்ஸ் கடையின் தட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். கடைக்காரர் அவளைப் பார்த்து, தினமும் வருகிறவளைப் பார்ப்பதுபோல, தலையை மட்டும் ஆட்டினார்.

டைம்கீப்பர் பத்தடி பின்னால், மூடிக் கிடந்த தையல் கடையின் வாசலில் ஒதுங்கினார். இதோ, இங்கேதான் அவன் வரப்போகிறான். எவனாக இருந்தாலும் வரட்டும்.

பள்ளி மணி அடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக மூன்று. பத்து நிமிடம் முன்னால்! இன்றே தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அந்த நிலையிலும் தோன்றியது.

பிள்ளைகள் சிதறினார்கள். பேத்தி வந்து வாசல் தூணருகே நின்றாள். ஜெராக்ஸ் கடைப் பக்கம் பார்த்து உதட்டில் விரலை வைத்துச் சிரித்தாள். மருமகளும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். ஆனால் குழந்தையிடம் போகவில்லை.

எவனும் வரவில்லை.

மருமகள் தெருவின் வடக்கு முனையைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். மறுபடி வடக்கு முனை. கழுத்தை நீட்டி, நுனிக்காலில் எழும்பிக்கூடப் பார்த்தாள். அந்த முனையில் என்ன இருக்கிறது? ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அது வீட்டிலிருந்து வரும் வழி. அந்த வழியாக இந்த நேரத்துக்கு வருகிறவர்...

டைம்கீப்பர் தையல் கடைச் சுவரோடு இன்னும் ஒட்டி நின்றார்.

அந்த வழியாக இந்த நேரத்துக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான்.

இப்போது பள்ளி வாசலில் பேத்தி மட்டும் நின்றாள். மருமகள் தட்டியை விட்டு வெளியே வந்துவிட்டாள். அவள் முகத்தில் கள்ளத்தனம் எதுவும் இல்லை, நடுக்கம் இருந்தது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே போனில் எண்களை அழுத்தினாள்.

தையல் கடை வாசலில், டைம்கீப்பரின் சட்டைப் பையில், போன் அலறியது.

அவள் திரும்பினாள்.

"மாமா! எங்க போனீங்க? ஏன் இந்தப் பக்கம்... வழி மாறிட்டீங்களா? விழுந்துட்டீங்களா?"

"நான் ஏன் விழறேன்? ஆபீஸ்ல இருக்க வேண்டிய நேரத்துல நீ ஏன் இங்க நிக்கறே? அதைச் சொல்லு!"

"உங்களுக்காகத்தான் நிக்கறேன்" என்றாள். அடக்க முடியாமல் வந்துவிட்டது. "தினமும் நிக்கறேன் மாமா. நீங்க அந்த முனையில திரும்பறதைப் பார்த்துட்டு ஓடிடுவேன். சாப்பாட்டு நேரத்தை இதுக்கு வச்சிருக்கேன், எட்டரை மணிக் கணக்குல குறையக் கூடாதுன்னு கார்டைக் காட்டாம வர்றேன். குழந்தை பத்து நிமிஷம் தனியா நிக்குது, தாத்தா தினமும் லேட்டா வர்றாருன்னு டீச்சர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க."

"யாரு லேட்டு? நானா?" கைக்கடிகாரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பார்! மூணு பன்னிரண்டு. இவங்க முன்னாடியே மணி அடிச்சா நானா பொறுப்பு?"

அவள் தன் போனை நீட்டினாள். மூன்று இருபத்திரண்டு.

"ஜெராக்ஸ்காரரே! மணி என்ன?" என்று கத்தினார்.

கடைக்காரர் சுவரைப் பார்த்தார். "மூணு இருபத்திரண்டு சார்."

டைம்கீப்பர் போனையும் தம் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து நிமிடம். ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை. பத்து. முப்பத்தெட்டு ஆண்டு உத்தியோகம் அவருக்குள் எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டது.

"கூடத்துக் கடிகாரத்தை யார் தொட்டது?" என்றார் மெதுவாக.

"கடிகாரமா? நான்தான் மாமா. உத்தரவு வந்த முதல் வாரம். ஒருநாள் அது முன்னாடி ஓடுதுன்னு மறந்து பதறிக்கிட்டு ஓடினேன். மறுநாள் ஞாபகம் வச்சுக் கழிச்சேன், ரெண்டு தடவை கழிச்சுட்டேன் போல, பஸ் போயிடுச்சு. ரெண்டு வேலை பார்க்கிற மண்டையில கழித்தல் கணக்குக்கு இடம் இல்ல. சரியான நேரத்துக்குத் திருப்பி வச்சுட்டேன். உங்ககிட்ட சொல்லச் சொல்லி அவர்கிட்டச் சொன்னேனே! சொல்லலையா?"

"உன் புருஷன் ரத்தத்தைத் தவிர வேற எதையும் ஞாபகம் வச்சுக்க மாட்டான்."

அவள் அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். கூடத்துக் கடிகாரத்தில் தினமும் பத்தைக் கழிக்கும் மாமனாரை மனத்துக்குள் பார்த்திருப்பாள் போலும். வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"அப்போ உங்களுக்கு ஒண்ணும் இல்லையா மாமா? மறதி, அது இது..."

"மறதியா?" அவர் முதுகு விறைத்தது. "ஓ! அதுதான் டாக்டரா?"

"அவருக்கும் பயம். ஆபீஸ்ல ஒரு விலக்குப் படிவம் இருக்கு. கவனிக்க வேண்டிய முதியவர் வீட்டுல இருக்கார்னு எழுதி, டாக்டர் சான்றிதழ் வச்சா, ரெண்டு நாள் வீட்டுலேர்ந்து வேலை பார்க்கலாம். எழுதிடு எழுதிடுன்னு அவர் நச்சரிக்கிறார். எழுத உட்கார்ந்தேன். முதியவர் பேர்னு ஒரு கட்டம் இருந்தது. அதுல உங்க பேரை எழுத எனக்குக் கை வரல. உங்களுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்கன்னு..."



  டைம்கீப்பர் கைக்கடிகாரத்தின் திருகை வெளியே இழுத்தார். நட்ட நடுத் தெருவில் முள்ளைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளினார். திருகை அழுத்தி மூடினார்.

"தாத்தா, இனிமே நீ லேட் இல்லையா?" என்றாள் பேத்தி.

"இல்ல."

"அப்ப அம்மா ஒளியற விளையாட்டு முடிஞ்சுபோச்சா?" அவளுக்கு ஏமாற்றம். "அன்னிக்கு அம்மா எங்கிட்ட வந்து நின்னப்ப, அம்மா பையிலேர்ந்து கார்டை எடுத்து நான்தான் ஒளிச்சு வச்சேன். யாருக்கும் தெரியாது."

"அது எனக்குத் தெரியும்" என்று மருமகள் குழந்தையின் தலையைத் தடவினாள். "அட்டை இல்லாமத் திரும்ப உள்ளே போக அன்னைக்கு நான் பட்ட பாடு! என்கூட வேலை பார்க்கிற கண்ணாடிக்காரிதான் மறுபடி வந்து கூட்டிட்டுப் போனா. அவ மட்டும் இல்லைன்னா..."

அவள் போன் ஒலித்தது. திரையைப் பார்த்து, "அவதான். நூறு ஆயுசு" என்று சிரித்தபடி காதில் வைத்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. "எப்போ?" என்றாள். "யாரு?" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பேத்தி தாத்தாவின் விரலைப் பிடித்து ஊஞ்சலாட்டிக்கொண்டிருந்தாள்.

போனை இறக்கியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"வியாழக்கிழமை யாரோ ஆபீஸுக்குப் போன் பண்ணி, என் கார்டு வெளியே இருக்குன்னு சொல்லியிருக்காங்க மாமா. வரவேற்புப் பொண்ணு மேலே சொல்லியிருக்கா. ரெண்டு வாரத்து கேமராவையும் போட்டுப் பார்த்துட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு எங்க ரெண்டு பேரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. என் வேலை போனாப் போகட்டும். அவ என்ன பண்ணினா பாவம்? அவளுக்கும் ரெண்டு பிள்ளைங்க. எனக்காகக் கதவைத் திறந்துவிட்டா, அவ்வளவுதானே!"

டைம்கீப்பர் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருக்கு நாம என்ன கெடுதல் பண்ணினோம் மாமா? பேரைக் கேட்டதும் போனை வச்சுட்டாங்களாம். மொட்டைப் புகார். நேர்ல நின்னு சொல்ல முதுகெலும்பு இல்லாத யாரோ..."

முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு மொட்டைப் புகாரைக்கூட அவர் எடுத்துக்கொண்டதில்லை. கையெழுத்துப் போடத் துணியாதவன் சொல்வதை மேசைக்கு வரவிடாதே என்று தமக்குக் கீழே வேலை பார்த்த ஒவ்வொருவரிடமும் சொன்னவர். வேறு கை என்று எழுதிய மூன்று அட்டைகளிலும் தம் பெயரை முழுசாக எழுதியவர்.

இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். யாருக்கும் தெரியாது. அவள் காலத்துக்கும் யார் யாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நானும் வர்றேன்மா" என்றார்.

"நீங்க எதுக்கு மாமா அங்க?"

"புகார் சொன்னவன் இல்லாம விசாரணை நடத்தக் கூடாது. அதுதான் முறை."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த அவருக்குத் தெரியாது.

  மருமகள் குனிந்து, அவர் விரலைச் சுற்றியிருந்த பேத்தியின் கையை மெல்ல விடுவித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வா, வாலு. இன்னைக்கு அம்மாவோட ஆபீஸுக்கு வர்றே நீ."

இருவரும் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அவர்கள் போய்ச் சேரவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. டைம்கீப்பர் தம் மணிக்கட்டைப் பார்த்தார்.

ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லை.